ஊட்டி ஹோம்ஸ்டேக்கு எந்த கீசர்? ஐந்து அறை வீட்டுக்கான வெந்நீர்க் கருவிகள் – ஒரு மதிப்பீடு

ஊட்டியில் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களுக்கு, விருந்தினர் போனில் கேட்கும் முதல் கேள்வி மனப்பாடம்: "வெந்நீர் வருமாங்க?" சன்னலில் தெரியும் தேயிலைத் தோட்டம், காலை இட்லி, வண்டி நிறுத்த இடம் எல்லாம் அதற்குப் பிறகுதான். "எப்பவும் வரும்" என்று சொல்லிவிடலாம். ஜனவரியில் காலை ஏழு மணிக்கு ஐந்து குளியலறையிலும் ஒரே நேரத்தில் குழாயைத் திறக்கும்போதுதான் வாங்கிப் போட்ட கருவியின் தரம் தெரியும்.

இந்த மதிப்பீடு ஐந்து அறை, அறைக்கு இரண்டு பேர், காலை உணவும் சேர்த்துத் தரும் வீட்டுக்கானது. கம்பெனிப் பெயர்களைச் சொல்லப் போவதில்லை. ஒரே கொள்ளளவும் ஒரே வாட்டும் உள்ள கீசர்கள் தண்ணீரைச் சூடாக்கும் வேகத்தில் கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதில்லை. 2,000 வாட் என்றால் 2,000 வாட்தான். எந்த வகை என்பதில்தான் தவறு நடக்கிறது, அதுவும் சமவெளிக் கணக்கை அப்படியே மலைக்குக் கொண்டுவருவதால் நடக்கிறது.

கணக்கை முதலில் பார்த்துவிடலாம். குளிக்கச் சுகமான சூடு ஏறக்குறைய 41 டிகிரி. சென்னையில் குழாய்த் தண்ணீரே 28 டிகிரி இருக்கும், கூட 13 டிகிரி ஏற்றினால் போதும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். குளிர்கால விடியலில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் 10 டிகிரிக்கு இறங்கிவிடும், அப்போது ஏற்ற வேண்டியது 31 டிகிரி. 65 டிகிரிக்கு வைத்த 25 லிட்டர் கீசர் ஒன்று சென்னையில் கலந்து குளிக்க 70 லிட்டர் தரும். அதே கீசர் ஊட்டியில் தருவது 44 லிட்டர். உள்ளே வரும் பச்சைத் தண்ணீர் கடைசிப் பகுதியை ஆற்றிவிடுவதால் கைக்குக் கிடைப்பது 40 லிட்டருக்குள், அதாவது இரண்டு வாளி. மறுபடி சூடாகச் சென்னையில் அரைமணி நேரம் ஆகிறது என்றால் இங்கே 48 நிமிடம்.

15 லிட்டர் கீசரை ஊட்டி குளியலறையில் மாட்டக் கூடாது என்பதற்கு இதற்கு மேல் காரணம் வேண்டாம். முதல் ஆள் குளித்ததும் தீர்ந்துவிடும்.

ஐந்து அறைக்கும் ஐந்து 25 லிட்டர் மின் கீசர் என்பதே இன்றும் பழுது பார்க்க எளிதான ஏற்பாடு. ஒன்று கெட்டால் ஓர் அறைக்குத்தான் சிக்கல், மற்ற நாலும் ஓடும். இதன் பலவீனம் மின் இணைப்பில் இருக்கிறது. ஒன்று 8.7 ஆம்பியர் இழுக்கும். ஐந்தும் சேர்ந்தால் 43 ஆம்பியரைத் தாண்டும். அந்த நேரத்தில்தான் சமையலறையில் கிரைண்டரும் இண்டக்‌ஷன் அடுப்பும் ஓடும். ஒற்றை ஃபேஸ் இணைப்பு இதைத் தாங்காது, மும்முனை (த்ரீ ஃபேஸ்) இணைப்பு எடுத்து இரண்டு, இரண்டு, ஒன்று என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். கீசருக்குத் தனி 16 ஆம்பியர் பாயிண்ட், அளவுக்கு மேல் மின்சாரம் இழுத்தால் அணைந்துவிடும் தனி எம்.சி.பி., குளியலறைகளுக்கு மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மூன்றும் கட்டாயம். ஈரச் சுவர்களும் நனைந்த தரையும் உள்ள ஊரில் எர்த்திங்கை ஆண்டுக்கொரு முறை அளந்து பார்க்க வேண்டும்.

குறைந்த மின்னழுத்தம் பலர் கவனிக்காத விஷயம். சீசனில் ஊர் முழுக்கக் கீசர் ஓடும் காலை நேரத்தில் 230 வோல்ட் 190 ஆக இறங்கினால் 2,000 வாட் கீசர் 1,360 வாட்தான் தரும். 48 நிமிடம் 70 நிமிடமாகிவிடும். "கீசர் பழசாகிவிட்டது" என்று புதிது வாங்கும் முன் காலை ஏழு மணிக்கு ஒரு வோல்ட்மீட்டர் வைத்துப் பாருங்கள்.

நட்சத்திரக் குறியீட்டைப் பற்றி ஒரு தெளிவு. சேமிப்பு கீசரில் நட்சத்திரம் அளப்பது, சூடாக்கிய தண்ணீர் சும்மா இருக்கும்போது ஒரு நாளில் இழக்கும் வெப்பத்தை. ஐந்து நட்சத்திரம் வாங்கினால் சீக்கிரம் சுடும் என்று நினைக்க வேண்டாம். ஆனால் ஊட்டிக்கு ஐந்து நட்சத்திரமே வாங்க வேண்டும். குளியலறைக் காற்றே ஐந்தாறு டிகிரிக்கு இறங்கும் ஊரில் இரவெல்லாம் போகும் சூடு சமவெளியைவிட அதிகம். டைமர் போட்டால் இன்னும் நல்லது. காலை ஐந்தே காலுக்கு முதல் சூடு. மைசூருக்குப் போகிறவர்களுக்கு இது மிக முக்கியம், ஏனென்றால் பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும், திறந்த பிறகு சீக்கிரமாகக் கடக்க நினைப்பவர்கள் விடியுமுன்னே குளிப்பார்கள். மேட்டுப்பாளையத்தில் காலையில் புறப்படும் மலை ரயிலில் வருகிறவர்கள் நண்பகலில் வந்து இறங்கி உடனே குளிக்கக் கேட்பார்கள், அதற்குப் பதினொன்றரைக்கு இரண்டாவது சூடு.

வாங்கும்போது உள்ளே பார்க்க வேண்டியது தொட்டியின் பூச்சும் மெக்னீசியம் ஆனோடு ராடும். சமவெளி போர் தண்ணீரில் எலிமெண்டில் (சூடாக்கும் கம்பியில்) உப்பு பிடித்துக் கீசர் சாகும். மலை ஊற்றுத் தண்ணீர் மென்மையானது, உப்பு குறைவு, அதனால் இங்கே கவலைப்பட வேண்டியது அரிப்பைப் பற்றித்தான். தொட்டிக்குப் பதிலாகத் தன்னைக் கரைத்துக்கொள்வது அந்த ராடுதான். ஆண்டுக்கொரு முறை கழற்றிப் பார்த்து, பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். ராடு தீர்ந்துபோன தொட்டி அதற்குப் பிறகு ஓட்டை விழக் காத்திருக்கும். மழைக்காலத்தில் தண்ணீரோடு வரும் வண்டலுக்கு, தொட்டிக்குப் போகும் குழாயிலேயே ஒரு வடிகட்டி போதும்.

சேஃப்டி வால்விலிருந்து தண்ணீர் சொட்டுவதைக் கோளாறு என்று நினைத்துப் பிளம்பரை விட்டு அடைக்கச் சொல்கிறார்கள். இது உயிருக்கே ஆபத்து. 25 லிட்டர் தண்ணீர் 10 டிகிரியிலிருந்து 65க்கு ஏறும்போது ஏறக்குறைய அரை லிட்டர் விரிவடையும். ரிவர்ஸ் வால்வு பின்னால் போக விடாது, அந்த அரை லிட்டர் வெளியே வரத்தான் வேண்டும். வால்வுக்கு ஒரு சின்னக் குழாய் போட்டுத் தரை வடிகாலில் விடுங்கள், விருந்தினர் தலையில் சொட்டாது.

தண்ணீர் அழுத்தம் ஊட்டிக்கே உரிய இன்னொரு சிக்கல். நீலகிரியில் கட்டடம் 7 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பதால் தண்ணீர்த் தொட்டி மேல்மாடிக் கூரையின்மேல் ஒட்டி உட்கார்ந்திருக்கும். ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும். மாடி அறை ஷவரில் தண்ணீர் நூலாக வரும், வெந்நீர்க் குழாயில் காற்று அடைத்துக்கொண்டு வராமலும் போகும். அரை எச்.பி. பிரஷர் பம்பு ஒன்று இதைத் தீர்க்கும். ஆனால் பம்பு போட்டதும் பெரிய மழை ஷவர் மாட்டும் ஆசை வந்துவிடும். நிமிடத்துக்கு 12 லிட்டர் ஊற்றும் ஷவரில் 40 லிட்டர் மூன்றேகால் நிமிடத்தில் முடிந்துவிடும். 6 லிட்டர் ஷவர் தலை போட்டால் அதே கீசர் ஆறரை நிமிடம் தரும். வெந்நீர் போதவில்லை என்ற புகாருக்கு இதைவிடச் செலவு குறைந்த மருந்து இல்லை.

உடனடி சூடு தரும் 3 லிட்டர், 3,000 வாட் கீசரைக் குளியலறைக்கு விற்பவர்கள் உண்டு. ஊட்டிக் குளிரில் அது நிமிடத்துக்கு 1.4 லிட்டர்தான் 41 டிகிரிக்குக் கொண்டுவரும். ஒரு வாளி நிரம்ப 14 நிமிடம். சமையலறைத் தொட்டியில் பாத்திரம் கழுவ மட்டும் வாங்கலாம். அங்கே அது அருமையான கருவி, காலை உணவு முடிந்து பத்துத் தட்டு கழுவுகிறவரின் கை விறைக்காது.

அடுத்தது காஸ் கீசர். இதைப் பற்றி மெதுவாகச் சொல்ல முடியாது: விருந்தினர் குளிக்கும் அறைக்குள் காஸ் கீசர் வைக்கவே கூடாது. எரியும்போது அது அறையின் ஆக்சிஜனைத் தின்கிறது. காற்று போதாதபோது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மயக்கம் வந்த பிறகு தாழ்ப்பாளைத் திறக்கக் கையில் வலு இருக்காது. எந்த ஊரிலும் இது ஆபத்துதான், ஊட்டியில் இரண்டு காரணங்களால் கூடுதல். இந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தைவிட நாலில் ஒரு பங்கு குறைவு, கடல்மட்டக் காற்றுக்கு அமைத்த பர்னர் இங்கே முழுமையாக எரியாமல் போகலாம். இரண்டாவது, குளிருக்குப் பயந்து விருந்தினரே வென்டிலேட்டரைத் துண்டு வைத்து அடைத்துவிடுவார்கள். "சன்னலைத் திறந்து வையுங்கள்" என்று எழுதி ஒட்டுவது பாதுகாப்பு ஆகாது.

வீட்டுக்கு வெளியே, மழை படாமல் கூரை போட்ட, காற்றோட்டமான சுவரில் மாட்டி வெந்நீரை மட்டும் குழாயில் உள்ளே கொண்டுவந்தால் காஸ் கீசர் பயன்படும். மின்சாரம் நின்ற நாளில் அதன் அருமை தெரியும். நிமிடத்துக்கு 6 லிட்டர் என்று போட்டிருப்பது 25 டிகிரி ஏற்றத்துக்கான அளவாக இருந்தால் இங்கே 5 லிட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். 19 கிலோ வணிகச் சிலிண்டர் ஒன்றில் 270 வாளிக்குக் கணக்கு வரும். வீட்டு உபயோக 14.2 கிலோ சிலிண்டரை இதற்குப் பயன்படுத்துவது சட்டவிரோதம். உறைபனி நாளில் சிலிண்டரிலுள்ள பியூட்டேன் ஆவியாவது மிகவும் மந்தப்படும், சுடர் சிறுத்துவிடும். சிலிண்டர் காலி என்று மாற்றிவிடாதீர்கள், ஒன்பது மணி வெயில் பட்டதும் திரும்ப எரியும். சிலிண்டரை வெந்நீர் ஊற்றிச் சூடாக்குவதும் பக்கத்தில் அடுப்பு மூட்டுவதும் கூடவே கூடாது. சுடர் மஞ்சளாக மாறினாலோ மேல்மூடியில் கரி படிந்தாலோ உடனே நிறுத்திச் சுத்தம் செய்ய ஆளை அழையுங்கள். இதிலும் தண்ணீர் அழுத்தம் குறைந்தால் பர்னர் பற்றவே பற்றாது.

சோலார் விஷயத்தில் மனம் இரண்டு பக்கமும் இழுக்கும். மலர்க் கண்காட்சி நடக்கும் மே மாதம், அதற்கு முந்தைய ஏப்ரல், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தெளிந்த பகல்கள் என்று நன்றாக வேலை செய்யும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேகம் விலகாத வாரங்களில் வெதுவெதுப்புக்கு மேல் போகாது. ஆகவே தொட்டிக்குள் மின் எலிமெண்ட் இல்லாத சோலார் ஹோம்ஸ்டேக்கு ஆகாது. வாங்கினால் வெற்றிடக் கண்ணாடிக் குழாய் வகையை வாங்குங்கள். தட்டை வகையில் செப்புக் குழாய்களில் தண்ணீர் நேராக ஓடினால் உறைபனி இரவில் அது உறைந்து குழாய் வெடிக்கும். காந்தல், தலைகுந்தா போன்ற தாழ்வான பக்கங்களில் வீடு இருந்தால் இந்தப் பயம் நிஜம். கண்ணாடிக் குழாய் வகையிலும் வெளியே ஓடும் இணைப்புக் குழாய்களுக்குக் கனமான உறை போட வேண்டும்.

கூரையிலிருந்து கடைசி அறைக்கு 15 மீட்டர் முக்கால் அங்குலக் குழாய் ஓடினால் அதற்குள்ளேயே ஏறக்குறைய 4 லிட்டர் தண்ணீர் ஆறிக் கிடக்கும். அது முழுக்க வெளியே போன பிறகுதான் சூடு வரும். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் ஊரில் தினமும் இதைச் சாக்கடையில் விடுவது வயிற்றெரிச்சல். அரை அங்குலக் குழாய் போட்டால் பாதியாகக் குறையும்.

ஹீட் பம்பு புதிதாகக் கட்டுகிறவர்கள் தீவிரமாகப் பார்க்க வேண்டிய கருவி. காற்றிலிருக்கும் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும், குளிர்பதனப் பெட்டி தலைகீழாக ஓடுவதுபோல. பத்துப் பேருக்கு ஷவரில் 40 லிட்டர் வீதம் என்றால் 55 டிகிரியில் வைத்த 300 லிட்டர் தொட்டி போதும். அதைச் சாதாரண எலிமெண்டில் சூடாக்க 15 முதல் 16 யூனிட் ஆகும், ஹீட் பம்பு நண்பகலில் ஐந்தாறு யூனிட்டில் முடிக்கும். நண்பகல் என்பதுதான் சூட்சுமம். காற்று ஐந்து டிகிரியில், ஈரத்தோடு இருக்கும் விடியலில் ஓட்டினால் அதன் சுருளில் பனி பிடிக்கும், அதை உருக்க நின்று நின்று ஓடும், மின்சார மிச்சம் பாதியாகிவிடும். பகல் 11 முதல் 4 வரை ஓட்டி, நல்ல காப்பு உள்ள தொட்டியில் சேர்த்து, காலையில் எடுக்க வேண்டும். விருந்தினர் இல்லாத வாரங்களில் தொட்டியைச் சும்மா வெதுவெதுப்பில் விடாமல், ஆள் வரும் முன் ஒரு முறை 60 டிகிரிக்கு ஏற்றிவிடுங்கள், வெதுவெதுப்பான தேங்கிய நீரில் கிருமி வளரும். அதன் இரைச்சல் படுக்கையறைச் சுவருக்குப் பக்கத்தில் வேண்டாம். தொட்டியை ஒரு சிறு அறையில் வைத்தால் மழை மாதங்களில் அந்த அறையில் துண்டு காயும், இட்லி மாவும் ஒரே இரவில் பொங்கும். காலை உணவு தரும் வீட்டுக்கு இது சின்ன லாபமில்லை.

பழைய பங்களாக்களில் இருக்கும் விறகு பாய்லரை இடித்துப் போட வேண்டாம். சீகை (வாட்டில்), கற்பூர மர (யூகலிப்டஸ்) விறகில் ஓடும் அது ஐந்து மணிக்கு எழுந்து மூட்ட ஆள் உள்ள வீட்டில் இன்னும் நன்றாகவே உழைக்கும். புகைபோக்கியில் கரி சேரவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எதை வாங்குவது? ஏற்கெனவே ஓடும் வீட்டுக்கு ஐந்து 25 லிட்டர், ஐந்து நட்சத்திர மின் கீசர், மும்முனை இணைப்பு, டைமர், 6 லிட்டர் ஷவர். புதிதாகக் குழாய் போடும் வீட்டுக்கு 300 லிட்டர் ஹீட் பம்பு, எலிமெண்ட் துணையோடு. இரண்டிலும் மின்தடைக்கு, வெளிச்சுவரில் ஒரு காஸ் கீசர். தெர்மோஸ்டாட் 65க்கு மேல் வேண்டாம், குழந்தைகள் கை வைப்பார்கள். மிக்ஸர் குழாயில் எது வெந்நீர், எத்தனை நிமிடம் திறந்து விட்டால் வரும் என்பதைத் தமிழ், மலையாளம், கன்னடம், இந்தியில் எழுதி லேமினேட் செய்து குழாய்க்கு நேர் மேலே ஒட்டுங்கள். கதவுக்குப் பின்னால் ஒட்டினால் யாரும் படிப்பதில்லை.