"வாங்களேன்"னு இங்கிலீஷ்ல எப்படிக் கூப்பிடுறது? எதை முதல்ல பழகலாம்?

நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு நாள் மதியம் டீம் லீட் என் சீட் பக்கத்துல வந்து நின்னு "வொய் டோன்ட் யூ ஜாயின் அஸ் ஃபார் லஞ்ச்?"னு கேட்டாங்க, எனக்கு அது "ஏன் எங்ககூட சாப்பிட வர்றதே இல்ல"னு குறை சொல்ற மாதிரி கேட்டுச்சு, பதறி எழுந்து "சாரி மேம், கொஞ்சம் வொர்க் இருந்துச்சு"னு காரணம் சொல்லிட்டேன். அவங்களும் ஓகேனு போயிட்டாங்க. பக்கத்து சீட் அக்காதான் அப்புறம் சொன்னாங்க, "அவங்க உன்னைச் சாப்பிடக் கூப்பிட்டாங்கப்பா."

நம்ம "வாங்களேன்"லயும் கடைசில ஒரு "ஏன்" காதுல விழுதுல்ல, அதுக்கு யாராவது காரணம் சொல்றோமா? "வொய் டோன்ட் யூ"வும் அதே மாதிரிதான், பாசமான அழைப்பு. "வொய் டிடின்ட் யூ"னு கேட்டாதான் ஏன் வரலனு அர்த்தம். கேட்டா புரியுற அளவுக்குக் கட்டாயம் தெரிஞ்சிருக்கணும், ஆனா முதல்ல பேசிப் பழக நான் இதைச் சொல்லமாட்டேன்.

"வுட் யூ லைக் டு ஜாயின் அஸ்?" மரியாதையா இருக்கும், கிளையன்ட், பெரியவங்க, புதுசா பாக்குறவங்க யார்கிட்டயும் தைரியமா சொல்லலாம். தினம் கூட உக்காந்து வேலை பாக்குற ஃப்ரெண்டுகிட்ட சொன்னா கொஞ்சம் பத்திரிகை வெச்சுக் கூப்பிடுற மாதிரி ஆயிடும். அங்க "டு யூ வான்ட் டு கம்?" போதும். "வான்ட்"னா "வேணுமா"னு வெடுக்குனு கேக்குற மாதிரி நம்ம ஆளுங்க தயங்குறாங்க, தயங்கவே வேண்டாம், பழகினவங்களுக்குள்ள அது ரொம்ப சகஜம், வேகமா பேசுறப்ப "வான்னா கம்?"னு சுருங்கிடும்.

"ஃபேன்ஸி எ காஃபி?"னா காஃபி குடிக்கலாமானு கேக்குறது, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா பக்கம் சர்வ சாதாரணம், அமெரிக்காக்காரங்க அவ்வளவா சொல்லமாட்டாங்க. நமக்கு ஃபேன்ஸினாலே வளையல், பொட்டு விக்கிற கடைதான் ஞாபகம் வரும். "ஃபீல் லைக் எ காஃபி?"னா எங்கயும் செல்லும்.

"யூ'ர் வெல்கம் டு ஜாயின் அஸ்"ல கட்டாயம் இல்ல, இஷ்டம்னா வாங்கனு கதவைத் திறந்து வைக்குறது. ஆனா கூச்ச சுபாவம் உள்ளவங்ககிட்ட இதைச் சொன்னா, சும்மா பேச்சுக்குச் சொல்றாங்கனு நினைச்சு வராமயே இருந்துடுவாங்க. எல்லாத்துலயும் ஒண்ணு கவனிங்க, "ஜாயின் வித் அஸ்" வேண்டாம், "எங்களோட"ங்கிறதை அப்படியே கொண்டுபோறதால வர்ற "வித்" அது.

என் ஓட்டு இதுக்குத்தான்: "ஐ'ம் கோயிங் டவுன் ஃபார் டீ, வான்ட் டு கம்?" நான் போறேன், எங்க போறேன், நீ வர்றியா, மூணும் ஒரே மூச்சுல வந்துடுது, வரமுடியாதவங்க "மே பி நெக்ஸ்ட் டைம்"னு சங்கடமில்லாம சொல்லிக்கலாம். இதையே "ஆர் யூ கமிங்?"னு கேட்டா ஏற்கனவே பேசி வெச்சதை உறுதி பண்ற மாதிரி ஆயிடும், புதுசா கூப்பிட அது ஒத்து வராது.

"வி ஷுட் கெட் லஞ்ச் சம்டைம்"னு யாராவது சொன்னா மட்டும் காத்துட்டு இருக்காதீங்க. பஸ் ஸ்டாப்ல பாத்தவங்ககிட்ட "ஒரு நாள் வீட்டுக்கு வாங்க"னு சொல்லிட்டுப் போவோம்ல, பெரும்பாலும் அதேதான். நிஜமா கூப்பிடுறவங்க கிழமை சொல்லுவாங்க: "லஞ்ச் ஆன் ஃப்ரைடே?"