உருபம்பா பள்ளத்தாக்கில் 'இன்கா விருந்து': சிச்சாவுக்காகப் போகலாம், பேக்கேஜுக்காக வேண்டாம்

பெருவில் குஸ்கோவைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒரு வீட்டு வாசலில் நீளக் கம்பு நட்டு அதன் நுனியில் சிவப்புப் பிளாஸ்டிக் பை கட்டியிருந்தால், உள்ளே சிச்சா என்கிற மக்காச்சோள பீர் புதிதாகத் தயார் என்று அர்த்தம். இது தெரியாமல் நானும் அக்காவும் ஒரு டூர்க்காரரிடம் 'இன்கா விருந்து' பேக்கேஜுக்குப் பணம் கட்டி அதே மாதிரி வீட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்தோம்.

சிச்சா அருமை. மக்காச்சோளத்தை முளைகட்டி, காயவைத்து, அரைத்து, கொதிக்கவிட்டுப் புளிக்கவைக்கிறார்கள். கலங்கல் மஞ்சள், நல்ல புளிப்பு, போதை கொஞ்சம்தான், ஆனால் கிளாஸ் என் முகத்தளவு இருந்தது. அந்த வீட்டு அம்மா குடிப்பதற்கு முன்னால் தரையில் நாலு சொட்டு விட்டார், பூமித்தாய் பச்சமாமாவின் பங்கு அது. எங்களுக்காகச் செய்து காட்டியதோ என்று நினைத்தேன். இல்லை, பக்கத்து பெஞ்சில் இருந்த விவசாயிகளும் பேச்சை நிறுத்தாமலே அப்படித்தான் சிந்திவிட்டுக் குடித்தார்கள்.

அப்புறம் பச்சமங்கா. குழியில் பழுக்கச் சுட்ட கற்களோடு இறைச்சி, உருளைக்கிழங்கு, வக்கட்டாய் இலை எல்லாம் போட்டு மண்ணால் மூடி வேகவைப்பது. கிழங்கு பிரமாதம். இறைச்சி ஆளுக்கு ஒரே துண்டு, அதுவும் காய்ந்தது.

எரிச்சல் என்னவென்றால், சாப்பிடும்போது கைடு அந்தக் காலத்தில் இந்தப் பகுதியை ஆண்ட இன்காக்களின் தாராளத்தைப் பற்றியே பேசினார். பேசியது தப்பில்லை. மித்தா என்ற முறைப்படி அரசு வேலைக்கு வந்த ஊர்க்காரர்களுக்குச் சோறும் சிச்சாவும் கொடுப்பது அரசின் கடமை, கொடுக்காமல் வேலை வாங்குவது முறையில்லை. ஹுவானுக்கோ பம்பா என்ற இன்கா நகரத்தில் மட்டும் ஏறக்குறைய 500 சேமிப்புக் கிடங்குகள், சதுக்கத்தை ஒட்டிய கட்டடங்களில் பெரிய பெரிய ஜாடிகளின் உடைந்த ஓடுகள். அவ்வளவு சிச்சா காய்ச்ச அக்லா என்ற பெண்களைத் தனியாகவே வைத்திருந்தார்கள். கேரோ என்கிற மரக்கோப்பையை ஜோடியாகத்தான் செய்வார்கள், ஒன்று விருந்தாளிக்கு, மற்றது கொடுப்பவருக்கு, இருவரும் சேர்ந்து குடிக்க. இதையெல்லாம் சொன்ன மனிதர் எங்களோடு ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை, மொபைலைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாவது கிளாஸ் கேட்டதற்குத் தனி பில்!

சரி, நீங்கள் போனால் பேக்கேஜை விட்டுவிட்டுச் சிவப்புப் பையைத் தேடி நேராகப் போங்கள். ஸ்ட்ராபெரி பருவமாக இருந்தால் ஃபுருட்டிஜாதா கேளுங்கள், பழம் சேர்த்த சிச்சா அது, புளிப்பு பிடிக்காதவர்களுக்கும் இறங்கும். பெரு நாட்டுப் பணமான சோல் சில்லறையாகக் கையில் இருக்கட்டும், நாங்கள் போன வீட்டில் கார்டு வாங்கவில்லை.