சொட்டாத கசிவு: டீசல் பர்னருடன் மூன்று ஆண்டுகள்

சலவையகம் நடத்தும் நண்பர் ஒருவர், விறகுப் பாய்லரை விட்டுவிட்டு டீசல் பர்னருக்கு மாறலாமா என்று போன வாரம் கேட்டார். "தாராளமாக மாறுங்கள்" என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். எங்கள் பர்னரில் ஏழு மாதமாக இருந்த தொல்லை பத்து நாள் முன்புதான் தீர்ந்தது. கோபம் தணிந்த பிறகு பதில் சொல்லலாம் என்றிருந்தேன். தணியவில்லை. அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

எங்களுடையது மணிக்கு 300 கிலோ நீராவி தரும் சிறிய பாய்லர். அதில் ஒரே அளவில் எரியும் ஒற்றை நிலை பர்னர். டீசலைப் பனிபோல் தூவும் நுண்துளை முனையான நாசில் 6.00 அளவு, தூவும் கோணம் 60 பாகை. மூன்று ஆண்டுகளில் மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர், பம்ப் எதுவும் பழுதாகவில்லை. சாம்பல் அள்ளும் வேலை இல்லை, விறகு நனைந்துவிட்டதே என்ற கவலையும் இல்லை. இஸ்திரி மேசையில் நீராவி ஒரே சீராக வருகிறது. பார்வைத் துளை வழியாகப் பார்த்தால் விளிம்பு நடுங்காத மஞ்சள் சுவாலை. நன்றாக எரியும் நாட்களில் அதைப் பார்ப்பதே தனி நிறைவு. இயந்திரத்தின்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

குறையெல்லாம், சுவாலை பற்றாமல் பர்னர் நின்றுவிட்டால் மறுபடி இயக்க அழுத்தும் சிவப்பு பட்டன்மேல்தான். தினமும் காலையில் முதல் முறை சுவிட்சைப் போட்டால் விசிறி சுழலும், தீப்பொறி சடசடக்கும், டீசலைத் திறந்துவிடும் சோலனாய்டு வால்வு "டக்" என்று திறக்கும், ஆனால் சுவாலை வராது. சில விநாடிகளில் எல்லாம் நின்று சிவப்பு விளக்கு எரியும். பட்டனை அழுத்தி மறுபடி போட்டால் ஒரு இருமல், மறுபடி சிவப்பு. மூன்றாவது முறை பிடித்துக்கொள்ளும். அதன்பின் மாலை வரை ஒரு தொல்லையும் இருக்காது.

பர்னரைப் பொருத்திக் கொடுத்தவர்களையே கூப்பிட்டேன். வந்த மெக்கானிக் நாசிலைக் கழற்றி என் கண்ணெதிரிலேயே அதன் துளையை ஊசியால் குத்தினார். அந்தத் துளையில் ஒரு கீறல் விழுந்தாலும் எண்ணெய் தூவும் வடிவமே கெட்டுவிடும். நாசில் சுத்தம் செய்யும் பொருள் அன்று, மாற்றும் பொருள். அடுத்த முறை புது நாசில், அதற்கடுத்து தீப்பொறி தரும் எலெக்ட்ரோடு, அப்புறம் சுவாலையை உணரும் ஃபோட்டோசெல் என்று ஒவ்வொன்றாக மாற்றினார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித் தனி பில். கடைசியில் பம்பையே மாற்ற வேண்டும் என்றார்கள். "காலையில் மூன்று முறை அழுத்தினால் எரிகிறதே, அப்புறம் என்ன?" என்று கேட்டாரே ஒருவர், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. எரியாத ஒவ்வொரு முயற்சியிலும் கொஞ்சம் டீசல் உலைக்குள் தூவப்பட்டுத் தங்குகிறது. ஏதோ ஒரு முறை பற்றும்போது அதுவும் சேர்ந்து பற்றினால் பாய்லர் கதவே தெறிக்கும். அந்தப் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தக்கூடாது என்று எங்கள் ஆப்பரேட்டருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியவர்கள் இவர்கள்தான்.

பிறகு வேறொரு ஆலையிலிருந்து வயதான ஃபிட்டர் ஒருவர் வந்தார். அவர் பர்னரைத் தொடவே இல்லை. டேங்க் எங்கே இருக்கிறது என்று கேட்டார். பர்னருக்குக் கீழே, தரைமட்டத்தில் இருந்தது. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஒரு முழ நீளத்துக்குத் தெளிவான குழாயை மாட்டி ஓடவிட்டார். கோத்த மணிபோல் குமிழிகள் வரிசையாகப் போயின. ஃபில்டர் மூடியின் வாஷர் ஓரிடத்தில் மடிந்து நசுங்கியிருந்தது.

தாழ்வான டேங்கிலிருந்து பம்ப் உறிஞ்சும்போது குழாய்க்குள் வெற்றிட இழுப்பு இருக்கும். அங்கே ஓட்டை இருந்தால் எண்ணெய் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். தரையில் கறையே இல்லாததால் யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. இரவெல்லாம் அந்தக் காற்று புகுந்து, குழாயிலிருந்த டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் பம்ப் காற்றைத்தான் உறிஞ்சியிருக்கிறது. எங்களுடையது இரட்டைக் குழாய் இணைப்பு. பம்புக்குள் வந்த காற்றைத் திரும்பும் குழாய் டேங்குக்கே அனுப்பிவிடுவதால் மூன்றாம் முறை எரிந்தது, நோயும் மறைந்தே இருந்தது. இணைப்புகளில் டெஃப்லான் டேப் வேறு சுற்றியிருந்தார்கள். அதன் இழைகள் பம்பின் சல்லடையில் சிக்கிக் கிடந்தன. விரலில் எடுத்துக் காட்டினார்.

அதோடு முடியவில்லை. பம்பில் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டினால் 14 பார். 10 பாரில் வைத்திருக்க வேண்டியது. யாரோ தொல்லை தீரும் என்று பம்பின் அழுத்தத் திருகாணியை முறுக்கியிருக்கிறார்கள். நாசிலில் பொறித்திருக்கும் 6.00 என்பது 7 பாரில் மணிக்கு 6 அமெரிக்க காலன். 10 பாரில் அது சுமார் 27 லிட்டர், 14 பாரில் 32. டீசல் இத்தனை கூடியும், அதற்கேற்ற காற்றை விடும் காற்றுத் தட்டை யாரும் அசைக்கவில்லை. புகையை வெள்ளைத் தாள் வழியாக இழுத்துப் பார்க்கும் புகைச் சோதனையில் தாள் கறுத்து 5ஆம் எண்ணைக் காட்டியது. 0 அல்லது 1 இருக்க வேண்டிய இடம் அது. உள்ளே குழாய்களெல்லாம் கரி. நீராவி 7 பாரில் 170 டிகிரிதான், புகைபோக்கியிலோ 290 டிகிரி. நான் காசு கொடுத்து வாங்கிய வெப்பம் ஆகாயத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

கரியைத் துடைத்து, அழுத்தத்தை 10க்கு இறக்கி, புது நாசில் போட்டு, பிறகு புகைபோக்கி வாயுவை அளக்கும் மீட்டரை வைத்து அவர் காற்றைச் சரிசெய்த விதத்தை அருகில் நின்று பார்த்தேன். தாளில் மெல்லிய சாம்பல் நிறம் தெரியும் வரை காற்றைக் குறைத்தார். காற்று குறையக் குறைய புகையில் கார்பன் டை ஆக்சைடு பங்கு கூடும்; அப்போது அது 13 சதவீதம். அங்கிருந்து தட்டை மயிரிழை மயிரிழையாகத் திறந்து 12க்குக் கொண்டுவந்து பூட்டினார். ஃபில்டரில் கொஞ்சம் அழுக்கு சேர்ந்தாலும் காற்றின் கனம் மாறினாலும் புகையாமல் இருக்க அந்த ஒரு சதவீத இடைவெளி வேண்டும் என்றார். தாள் வெள்ளையாகவே வந்தது. புகைபோக்கி 225 டிகிரிக்கு இறங்கியது. மூன்று ஆண்டுகளுக்கு முன் பொருத்திய அன்றே நடந்திருக்க வேண்டிய வேலை. அன்று அவர்கள் சுவாலையைக் கண்ணால் பார்த்து "நன்றாக எரிகிறது" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கண்ணுக்கு 12 சதவீதமும் 9 சதவீதமும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஆகவே நண்பருக்கு இன்றைய என் பதில்: வேண்டாம். எங்கள் பர்னரை யார் கேட்டாலும் நான் கொடுக்க மாட்டேன், அவ்வளவு நல்ல பொருள். ஆனாலும் மீட்டரும் கேஜும் கையில் கொண்டு வரும் ஆள் ஒருவர் உங்களுக்குக் கிடைக்கும் வரை வாங்காதீர்கள். அப்படி ஒருவர் கிடைத்து வாங்கினால், பொருத்தி முடித்த நாளில் பம்ப் அழுத்தம், புகை எண், கார்பன் டை ஆக்சைடு, புகைபோக்கி வெப்பம் நான்கையும் எழுதி வாங்காமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். எங்கள் பாய்லர் கதவில் அந்த நான்கு எண்களையும் எழுதி ஒட்டியிருக்கிறேன். இந்தப் பத்து நாளும் முதல் முறையிலேயே பற்றுகிறது.