மரத்தூள் கிட், வைக்கோல் கிட் ரெண்டுலயும் சிப்பிக்காளான் வளர்த்துப் பாத்தேன்

ரெண்டு கம்பெனி கிட்ட வாங்கி ஒரே அலமாரில பக்கத்து பக்கத்துல வச்சு வளர்த்தேன், ஒண்ணு மரத்தூளும் தவிடும் கலந்த பிளாக், இன்னொண்ணு வைக்கோல் பை. வைக்கோல்ல மொட்டு சீக்கிரம் வந்துடுச்சு, மரத்தூள் ஒரு வாரம் லேட்டு, ஆனா வந்தது நல்ல தடியா கொத்து கொத்தா வந்துச்சு, வதக்கும்போதும் தண்ணி கம்மியாதான் விட்டுச்சு. ரெண்டாவது அறுவடைல ரெண்டுமே குறைஞ்சுது, அது எந்த பெட்லயும் (காளான் வளர்ற மரத்தூள், வைக்கோல் மாதிரி படுக்கை) நடக்குறதுதான்.

வைக்கோல் கிட் மேல எனக்கு கோவம் வர்றது வேற விஷயத்துக்கு. அட்டைல "ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைஞ்சது"ன்னு பெருசா போட்டிருக்காங்க, உள்ள என்ன என்ன கலந்திருக்குன்னு ஒரு வரி இல்ல. காளான் செடி மாதிரி வெயில்ல சாப்பாடு தயாரிக்காதுங்க, அதோட மைசீலியம், அதாவது வேர் மாதிரி பரவுற வெள்ளை நூல், என்சைம விட்டு வைக்கோலையோ மரத்தூளையோ உடைச்சு உறிஞ்சித்தான் வளருது, அப்போ பெட்ல இருக்குறதுதானே அதுக்கு எல்லாமே. எர்கோதியோனின்னு காளான்ல ஒரு ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கு, 1909லயே கண்டுபிடிச்சது, நம்ம உடம்பால அத செய்யவே முடியாது, ஆனா அத உள்ள இழுக்குறதுக்குன்னே செல்லுல தனியா ஒரு புரதம் இருக்கு. காளான் அத ஹிஸ்டிடின்ங்குற அமினோ அமிலத்தோட கந்தகம் சேர்த்து செய்யுது, அதனால பெட்ல நைட்ரஜனும் கந்தகமும் எவ்ளோ கிடைக்குதுங்கிறது முக்கியம். செலினியம்ங்குற தாது இன்னும் நேரடி, பெட்ல சேர்த்தா காளான்லயும் ஏறிடும். இதே குணத்தாலதான் காட்மியம் மாதிரி விஷ உலோகம் இருந்தாலும் இழுத்துக்கும், பெயின்ட் அடிச்ச மரத்தோட தூள்னா நான் தொடவே மாட்டேன்.

பீட்டா குளுக்கன்ங்குற நார்ச்சத்து காளானோட செல் சுவர்லயே இருக்கு, எதுல வளர்த்தாலும் கொஞ்சமாச்சும் இருக்கும், அளவுதான் ரகத்துக்கும் பெட்டுக்கும் தகுந்த மாதிரி மாறும். ஆனா வைட்டமின் டி நிறைய வரணும்னா வெளிச்சம் வேணும், அறுத்த காளான நறுக்கி உச்சி வெயில்ல கொஞ்ச நேரம் வச்சா அதுல இருக்குற எர்கோஸ்டெரால்ங்குற கொழுப்புப் பொருள் வைட்டமின் டி2வா மாறும், கிட் எதுவா இருந்தாலும் இத செய்யுங்க.

மரத்தூள் கம்பெனி என்ன மரம், தவிடு எத்தன சதவீதம்னு அட்டைலயே போட்டிருந்தாங்க, அதுக்கே பாதி மார்க். குறைன்னா ஒரு மூலைல பச்சைப் பூஞ்சை வந்துச்சு, தவிடு கூடுனா அந்த ரிஸ்க்கும் கூடும், கொஞ்சம் கம்மி பண்ணலாம். வைக்கோல் கம்பெனிக்கு மெயில் போட்டு இது எந்தப் பயிரோட வைக்கோல், மருந்து அடிச்ச வயலான்னு கேட்டேன், "முழுக்க இயற்கையானது"ன்னு மட்டும் பதில் வந்துச்சு. மருந்து பத்தி ஒரு வார்த்தை இல்ல. அத சொல்லாத வரைக்கும் நான் திரும்ப வாங்கப்போறது மரத்தூள் பிளாக்தான், வீட்ல குழந்தைங்களுக்கும் அதே காளானதான் குடுக்குறேன்.