மைட்ரல் வால்வு கசிவு: சரிசெய்வதா, மாற்றுவதா, கிளிப் போடுவதா?

இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் கதவுதான் மைட்ரல் வால்வு. எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டில் 'சிவியர் எம்.ஆர்.', அதாவது கடுமையான மைட்ரல் கசிவு, என்று வந்ததும் எல்லோரும் கேட்பது, "ஆபரேஷனா, கிளிப்பா (மார்பைத் திறக்காமல் இதழ்களைக் கவ்விச் சேர்ப்பதா)?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கெட்டது வால்வா, இதயத் தசையா?

வால்வின் இதழ் தளர்ந்தோ, அதைப் பிடித்திருக்கும் நாண் அறுந்தோ ஒழுகினால் அது முதல்நிலைக் கசிவு. இதழில் குறையில்லை, இடது கீழறை வீங்கி விரிந்ததால் இதழ்கள் சேராமல் போகின்றன என்றால் இரண்டாம்நிலைக் கசிவு. கதவு பழுதா, நிலை கோணலா என்பது போலத்தான். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

மாத்திரை

முதல்நிலைக் கசிவை எந்த மாத்திரையும் அடைக்காது. நீர் பிரிக்கும் மாத்திரை மூச்சிரைப்பைக் குறைக்கும், அவ்வளவுதான். இரண்டாம்நிலையில் கதை தலைகீழ். பீட்டா பிளாக்கர், ஏ.ஆர்.என்.ஐ., ஸ்பைரோனோலாக்டோன் வகை, எஸ்.ஜி.எல்.டி.2 மருந்து என இதயச் செயலிழப்புக்கான நான்கு வகை மருந்துகளையும் தாங்கும் அளவுக்கு ஏற்றினால் கீழறை சுருங்கி, சிலருக்குக் கசிவே ஒரு படி இறங்கும். ஈ.சி.ஜி.யில் இடது கிளை அடைப்பு (இடது கீழறைக்கு மின்தூண்டல் தாமதமாகப் போவது) இருந்து, கியூ.ஆர்.எஸ். எனும் கீழறைத் துடிப்பு அலையின் அகலம் 150 மில்லிசெகண்டுக்கு மேல் போனால் இரு கீழறைகளையும் ஒருசேரத் துடிக்கவைக்கும் சி.ஆர்.டி. பேஸ்மேக்கரும் அதே வேலையைச் செய்யக்கூடும். இவற்றையெல்லாம் முடிக்காமல் கிளிப் பேச்சை எடுப்பது அவசரம்.

வால்வைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சை

முதல்நிலைக் கசிவுக்கு, உடல் தாங்குமென்றால், எங்கள் ஓட்டு இதற்குத்தான். இதழின் தளர்ந்த பகுதியை வெட்டித் தைப்பார்கள், அல்லது கோர்டெக்ஸ் நூலால் புது நாண் கட்டுவார்கள். கடைசியில் வால்வின் வாயைச் சுற்றி வளையம் வைத்துத் தைப்பார்கள். நாணின் நீளத்தில்தான் சூட்சுமம். நீளம் கூடினால் இதழ் பழையபடி மேலறைக்குள் எட்டிப்பார்க்கும். குறைந்தால் இதழ் கீழே இழுபட்டு எதிர் இதழைத் தொடாது. கீழறைக்குள் சலைன் (உப்புநீர்) அடித்து, இதழ்கள் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது வழக்கம். ஆனால் அது நின்றுபோன இதயத்தில் செய்யும் சோதனை. இதயத்தின் வேலையைச் செய்யும் இதய-நுரையீரல் எந்திரத்திலிருந்து இறக்கி, இதயம் துடிக்கும்போது உணவுக்குழாய் வழி எக்கோவில் பார்ப்பதே உண்மையான பரீட்சை. வளையம் சிறிதாகிவிட்டாலோ பின் இதழ் உயரமாக இருந்தாலோ, முன் இதழ் ரத்தம் வெளியேறும் பாதைக்குள் உறிஞ்சப்பட்டு வழியை மறிக்கும். திரவம் ஏற்றி, பீட்டா பிளாக்கர் கொடுத்தும் அடங்காவிட்டால் மறுபடி எந்திரத்தில் ஏற்றித் திருத்த வேண்டியதுதான்.

எப்போது செய்வது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 'பம்பிங் (ஈ.எஃப்., ஒவ்வொரு துடிப்பிலும் கீழறை வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 60 சதவீதம், நார்மல்' என்று ரிப்போர்ட் சொல்லும். கசியும் வால்வு உள்ளவருக்கு அது நார்மல் இல்லை. கீழறை தள்ளும் ரத்தத்தில் ஒரு பங்கு அழுத்தம் குறைந்த மேலறைக்கே திரும்புகிறது. சுமை லேசாக இருப்பதால் கணக்கு கூடுதலாகத் தெரிகிறது. கசிவு கடுமையாக இருந்து, ஈ.எஃப். 60-க்கு இறங்கினாலோ, சுருங்கிய நிலையில் கீழறையின் குறுக்களவு 40 மி.மீ. தொட்டாலோ, அறிகுறியே இல்லாவிட்டாலும் அறுவை சிகிச்சைக்கு நேரமாகிவிட்டது என்பதே இன்றைய வழிகாட்டுதல்.

வால்வு மாற்றுதல்

ருமாட்டிக் காய்ச்சலால் இதழ் தடித்துச் சுருங்கியிருந்தால் சரிசெய்தது நிலைப்பது கடினம். மாற்றுவதே பெரும்பாலும் வழி. 'மெட்டல் வால்வு' என்று சொல்கிறோம், அதன் தட்டுகள் உண்மையில் கார்பன். தேய்மானம் அநேகமாக இல்லை. ஆனால் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை, ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் அளவு) 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில். புதிய ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைகள் இங்கே உதவாது. அவற்றில் ஒன்றான டாபிகாட்ரனை மெட்டல் வால்வுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனையே பாதியில் நிறுத்தப்பட்டது. விலங்குத் திசுவால் ஆன திசு வால்வுக்கு நீண்டகால வார்ஃபரின் பெரும்பாலும் தேவையில்லை, ஆனால் 10 முதல் 15 ஆண்டில் தேயும், இளைஞருக்கு இன்னும் சீக்கிரம். 65 வயதுக்கு மேல் திசு, அதற்குக் கீழ் மெட்டல் என்பது பொதுவான கோடு. குழந்தை பெற விரும்பும் பெண்ணுக்கு அந்தக் கோடு மாறும், ஏனெனில் வார்ஃபரின் கருவைப் பாதிக்கும்.

கிளிப்

தொடையில் உள்ள சிரை (ரத்தக்குழாய்) வழியே ஏறி, மேலறைகளின் நடுச்சுவரைத் துளைத்து, இரு இதழ்களின் நடுப்பகுதியைக் கவ்விச் சேர்க்கும் முறை. மார்பைத் திறப்பதில்லை, இதயத்தை நிறுத்துவதில்லை. கிளிப்பை விடுவிக்கும் முன் கசிவோடு வால்வின் இருபுற அழுத்த வேறுபாட்டையும் அளப்பார்கள், 5 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினால் வால்வு குறுகிவிட்டது என்று பொருள். வால்வின் பரப்பு 4 சதுர செ.மீ.க்குக் குறைவானவருக்குத் தயங்குவது அதனால்தான். கிளிப்பின் பிடியிலிருந்து ஒரு பக்க இதழ் நழுவுவதும் உண்டு.

கிளிப்பையும் அறுவையையும் ஒப்பிட்டு 2011-இல் வந்த எவரெஸ்ட் 2 ஆய்வில், கசிவுக்காக ஓராண்டுக்குள் அறுவை சிகிச்சைக்குப் போனவர்கள் கிளிப் தரப்பில் 20 சதவீதம். முதலிலேயே அறுவை செய்துகொண்டவர்களில் மறுபடி போனது 2 சதவீதம். ஆகவே முதல்நிலைக் கசிவில் அறுவை தாங்காதவருக்கே கிளிப்.

இரண்டாம்நிலையில் 2018-இன் இரு ஆய்வுகள் எதிரெதிராகப் பேசின. கோஆப்ட் ஆய்வில் இரண்டாண்டு இறப்பு, மருந்து மட்டும் பெற்றவர்களில் 46.1 சதவீதம், கிளிப்பும் போட்டவர்களில் 29.1 சதவீதம். மித்ரா-எஃப்ஆர் ஆய்வில் பலனே தெரியவில்லை. கோஆப்ட்டில் கசிவுத் துளை பெரிது, கீழறை அவ்வளவு வீங்கவில்லை, மருந்தும் முன்பே முழு அளவில் ஏற்றப்பட்டிருந்தது. மித்ரா-எஃப்ஆரில் கீழறையே பெரிய நோய், கசிவு அதன் நிழல். நிழலைக் கவ்வி என்ன பயன் என்பதே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

கிளிப் போட்ட பிறகு கசிவு திரும்பி அறுவைக்குப் போனால், இதழ் தழும்பேறிக் கிடக்கும். சரிசெய்யும் வாய்ப்பு பெரும்பாலும் போய், மாற்றுவதுதான் மிஞ்சும். 55 வயதில் 'தையலில்லாத வைத்தியம்' என்று கேட்டு வருபவருக்கு இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.