நீலத்தாமரை விதையும் ஆயிரம் இதழ்க் கிழங்கும்: வாங்குவதற்கு முன் ஓர் எச்சரிக்கை

இணையவழியில் நீர்த்தாவரங்கள் விற்கும் ஒருவரிடம் ‘நீலத்தாமரை’ என்ற பெயரில் விதைகளையும், ‘ஆயிரம் இதழ்த் தாமரை’ என்ற பெயரில் ஒரு கிழங்கையும் வாங்கி ஏமாற்றப்பட்டேன். விதைகளிலிருந்து வந்தது சாதாரண இளஞ்சிவப்புத் தாமரை. கிழங்கிலிருந்து வந்தது தாமரையே அன்று, அல்லி. கொடுத்த பணம் திரும்பவில்லை. பணத்தைவிட என்னை அதிகம் வருத்துவது, அவர் செடியோடு அனுப்பிய பராமரிப்புக் குறிப்பு இரண்டு செடிகளின் இயல்பையும் ஒன்றாகக் குழப்பி எழுதப்பட்டிருந்ததுதான். அதை நம்பி நடப்பவர்களின் தொட்டியில் தாமரையும் தேறாது, அல்லியும் தேறாது. அதே விளம்பரம் இன்னமும் வந்துகொண்டிருப்பதால், இவ்விரு செடிகளையும் எப்படிப் பிரித்தறிவது, எப்படி வளர்ப்பது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் நிறத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தாமரைப் பேரினத்தில் இன்று இருப்பவை இரண்டே இனங்கள். ஒன்று ஆசியாவிலும் ஆஸ்திரேலியாவின் வடபகுதியிலும் வளர்வது. இளஞ்சிவப்பாகவோ வெள்ளையாகவோ பூக்கும். மற்றது வட அமெரிக்காவின் வெளிர்மஞ்சள் தாமரை. இவற்றைக் கலந்து உருவாக்கிய வகைகளில் சிவப்பும், பாலாடை நிறமும், மஞ்சளோடு இளஞ்சிவப்பு கலந்த சாயல்களும் உண்டு; நீலம் இல்லை. நீலமாகப் பூப்பது அல்லிதான். நீலோற்பலம் என்று இலக்கியங்கள் பாடிய மலரும், இலங்கையின் தேசிய மலரும், பழைய எகிப்திய ஓவியங்களில் காணும் நீல மலரும் அல்லி இனங்களே. எனவே ‘நீலத்தாமரை’ என்ற பெயரோடு காட்டப்படும் படம், அல்லியின் படமாக இருக்கும், அல்லது நிறம் மாற்றப்பட்ட தாமரைப் படமாக இருக்கும்.

விதையைக் கையில் எடுத்த உடனேயே இந்தப் பொய் வெளிப்பட்டுவிடும். தாமரை விதை ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குக் கருமையாக, நகத்தால் கீறவும் முடியாத ஓட்டோடு இருக்கும். அல்லி விதையோ கடுகு அளவுதான். ஆகவே நீலம் பூக்கும் என்று பெரிய கறுப்பு விதையை எவர் அனுப்பினாலும், அதிலிருந்து நீலப் பூ வருவதற்கு வழியே இல்லை. தாமரை விதையின் ஓட்டை ஒரு முனையில் உரசி, வெதுவெதுப்பான நீரில் இட்டால் சில நாட்களில் முளைத்துவிடும் என்பது உண்மை. சீனாவில் ஒரு பழைய ஏரிப்படுகையிலிருந்து எடுக்கப்பட்ட, ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் பழைமையான விதைகூட முளைத்திருக்கிறது. விற்பவர்களுக்குச் சாதகமாக இருப்பது இந்த முளைப்புத் திறன்தான். விதை முளைத்துவிட்டதால் வாங்கியவர் பூ வரும்வரை சந்தேகப்படுவதில்லை. கலப்பு வகைத் தாமரையின் விதை தாய்ச்செடியின் நிறத்தையே தரும் என்ற உறுதியும் கிடையாது. குறிப்பிட்ட வகை வேண்டுமானால் கிழங்கைத்தான் வாங்க வேண்டும். ஆயிரம் இதழ்த் தாமரை என்ற வகை உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அதில் மகரந்தத் தாள்களும் சூலகமும் இதழ்களாகவே மாறிவிடுவதால் அது விதை வைப்பதில்லை. அதன் விதை என்று விற்கப்படுவது முழுப் பொய்.

கிழங்கு விஷயத்தில் ஏமாற்று இன்னும் நுட்பமானது. தாமரைக் கிழங்கு நீண்டு, கணுக்கணுவாக, நுனியில் கூரிய குருத்தோடு வெளிர்நிறத்தில் இருக்கும். வெப்பமண்டல அல்லியின் கிழங்கு உருண்டையாக, கரடுமுரடான தோலோடு இருக்கும். எனக்கு வந்தது உருண்டையானது. அதுபற்றி நடுவதற்கு முன்பே கேட்டேன். ‘ஆயிரம் இதழ் வகையின் கிழங்கு அப்படித்தான் இருக்கும், இலை வரட்டும்’ என்று பதில் வந்தது. இலையும் வந்தது. நடுவரை பிளந்த இலை. படத்தோடு மீண்டும் எழுதியபோது, தாமரையின் முதல் இலைகள் நீரில் மிதக்கத்தான் செய்யும், நிமிரும் இலை வரும்வரை பொறுக்க வேண்டும் என்றார்.

இந்தப் பதிலில் பாதி உண்மை இருப்பதால்தான் பலர் பொறுத்துவிடுகிறார்கள். இளந்தாமரையின் முதல் இலைகள் மிதப்பவை என்பது சரி. பிறகு வருபவைதான் காம்போடு நீருக்கு மேல் நிமிரும். ஆனால் மிதக்கும் இலையாக இருந்தாலும் நிமிர்ந்த இலையாக இருந்தாலும் தாமரை இலையின் காம்பு இலையின் நடுவில்தான் பொருந்தியிருக்கும். விளிம்பிலிருந்து நடுவரை வெட்டியதுபோன்ற பிளவு அதற்குக் கிடையாது. அல்லி இலைக்கு அந்தப் பிளவு உண்டு. இலைமேல் தண்ணீர் தெளித்தும் பார்க்கலாம்: தாமரை இலையில் அது முத்தாக உருண்டோடும், அல்லி இலையில் அவ்வளவு எளிதாக உருண்டோடாது. நிமிரும் இலைக்காகக் காத்திருக்கத் தேவையே இல்லை. அவர் அந்தக் காத்திருப்பைக் கேட்டதன் காரணம், புகார் செய்வதற்கான கெடு அதற்குள் முடிந்துவிடும் என்பதே. முடிந்தபின் என் கடிதங்களுக்குப் பதிலே வரவில்லை. விதைத்தாமரை அடுத்த பருவத்தில் இளஞ்சிவப்பாகப் பூத்தபோது ஒரே ஒருமுறை பதில் எழுதினார். வெயில் போதாததால் நீலம் வரவில்லையாம்! வெயில் குறைந்தால் தாமரை பூப்பது குறையும் அல்லது நின்றே போகும். நீலம் இளஞ்சிவப்பாக மாறாது.

பார்வைக்கு ஒத்திருந்தாலும் இவ்விரண்டும் உறவுகூட அல்ல. மரபணு ஆய்வுகளின்படி அல்லி, பூக்கும் தாவரங்களின் வரலாற்றில் மிகத் தொடக்கத்திலேயே பிரிந்த கிளையைச் சேர்ந்தது; தாமரைக்கு நெருங்கிய உறவு, நிலத்தில் வளரும் பிளேன் என்ற மரமும் புரோட்டியா என்ற தாவரக் குடும்பமும். தாமரைப் பூவின் நடுவே கூம்பு வடிவப் பொகுட்டு இருக்கும். விதைகள் அதன் குழிகளில், நீருக்கு மேலேயே முற்றும். அல்லியில் பொகுட்டு கிடையாது. அதன் காய் நீருக்குள் இறங்கி முற்றும். இவ்வளவு வேறுபட்ட செடிகளுக்கு ஒரே பராமரிப்பு எப்படிப் பொருந்தும்?

அவர் அனுப்பிய குறிப்பில் மூன்று செய்திகள் மிகவும் தீங்கானவை. கிழங்கைத் தொட்டியின் நடுவில் ஆழமாகப் புதைக்கச் சொன்னது முதலாவது. தாமரைக் கிழங்கு பக்கவாட்டில் ஓடுவது. அகன்ற, மூலைகளற்ற வட்டத் தொட்டியின் ஓரமாகப் படுக்கவைத்து, குருத்து மண்ணுக்கு மேலே தெரியும்படி நட வேண்டும். குருத்து ஒடிந்தால் பெரும்பாலும் கிழங்கே வீணாகிவிடும். அல்லிக்கு இவ்வளவு அகலம் வேண்டாம். சிறிய தொட்டியில் நட்டு, அதைப் பெரிய தொட்டிக்குள் இறக்கிவைத்தாலே நன்றாக வளரும்.

இரண்டாவது, பழுத்த இலைகளை அடியோடு நறுக்கச் சொன்னது. அல்லிக்கு அது சரியான வேலை. தாமரையின் காம்புக்குள் காற்றுக் குழாய்கள் இருக்கின்றன. இலை பெற்ற காற்று அவற்றின் வழியாகத்தான் சேற்றில் கிடக்கும் கிழங்குக்குப் போகிறது. நீர்மட்டத்துக்குக் கீழே நறுக்கினால் அதே குழாய் வழியே தண்ணீர் இறங்கிக் கிழங்கு அழுகலாம். காய்ந்த காம்பையும் நீருக்கு மேலேயே வெட்டுங்கள். மூன்றாவது, நட்ட அன்றே உரம் இடச் சொன்னது. தாமரைக்கு நிமிர்ந்த இலைகள் சில வந்தபின்பே உரம் இட வேண்டும். அதற்கு முன் இட்டால் இளங்கிழங்கு கருகும். இரண்டுக்குமே கனமான களிமண் நல்லது. தேங்காய்நார்க் கழிவு கலந்த மண் மிதந்து நீரைக் கெடுக்கும். வெயிலில் மட்டும் தாமரை விட்டுக்கொடுப்பதில்லை. நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். சற்றுக் குறைந்தாலும் அல்லி பூத்துவிடும். இடம் குறைவாக உள்ளவர்களுக்கு நான் அல்லியையே பரிந்துரைப்பேன். அதை அல்லி என்றே சொல்லி விற்பவரிடம் வாங்குங்கள்.

கிழங்கு வாங்குவதானால், அனுப்பப்போகும் அதே கிழங்கின் படத்தை, குருத்து தெரியும்படி, முன்பணம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள். பூவின் படம் மட்டும் காட்டுபவரிடம் வாங்காதீர்கள். பொட்டலத்தைப் பிரிக்கும்போதே காணொளி எடுத்துவையுங்கள். கிழங்கு உருண்டையாக இருந்தால் நட்டுப் பார்க்கக் காத்திராமல் அன்றே எழுத்தில் புகார் கொடுங்கள். ‘இலை வரட்டும்’ என்ற பதிலை ஏற்காமல், கெடுவுக்குள் பணம் திரும்ப வேண்டும் என்று கேளுங்கள். ஏற்கெனவே நட்டுவிட்டவர்கள் இலையின் பிளவைப் பார்த்து, அது அல்லி என்றால் அல்லிக்குரிய முறைக்கு உடனே மாறுங்கள், செடியையாவது காப்பாற்றிக்கொள்ளலாம்.