பழைய சர்வரிலேயே மேம்படுத்துவதா, புதுப் பெட்டிக்கு மாறுவதா?

கடலூர் முதுநகரில் எங்கள் மொத்த வியாபார அலுவலகத்தின் சர்வரை அண்மையில் மாற்றினோம். பழையதில் ஓடிய ஓஎஸ் (இயங்குதளம்) விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. அதற்கு மைக்ரோசாஃப்ட் தந்த வழக்கமான ஆதரவு 2023 அக்டோபர் 10-இல் முடிந்தது. காசு கட்டி வாங்கும் நீட்டிப்பும் 2026 அக்டோபர் 13 வரைதான். சர்வர் ஓடும் பெட்டிக்கும் வயதாகிவிட்டது. ஓஎஸ், பெட்டி இரண்டுமே மாற வேண்டும். பழைய பெட்டியிலேயே ஓஎஸ்ஸை மேம்படுத்திவிட்டு அப்புறம் இடம் மாறுவதா, புதுப் பெட்டியில் சுத்தமாக நிறுவி டேட்டாவை மட்டும் கொண்டுபோவதா என்பதுதான் கேள்வி. நாங்கள் இரண்டாவதைச் செய்தோம். எங்கள் அளவு அலுவலகத்துக்கு அதையே சொல்வேன்.

முதல் வழியில் வசதி இல்லாமல் இல்லை. நிறுவிய மென்பொருள், பயனர்கள், பிரிண்டர், பகிர்ந்த ஃபோல்டர் எல்லாம் அப்படியே இருக்கும். 2012 ஆர்2-இலிருந்து 2019 பதிப்புக்கு நேராகப் போகலாம். 2022 வேண்டுமென்றால் நடுவில் 2016 அல்லது 2019-இல் ஒருமுறை இறங்கி ஏற வேண்டும். 2025-க்கு மறுபடி நேர்வழி உண்டு. செலவை வைத்து முடிவெடுக்க முடியாது. புதுப் பதிப்புக்கான உரிமமும், அதில் இணையும் பயனர்களுக்கான உரிமமும் எப்படிப் போனாலும் வாங்கத்தான் வேண்டும்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்று: திங்கட்கிழமை காலை பில் போடவில்லை என்றால் திரும்பிப் போக வழி இருக்கிறதா?

பழைய பெட்டியில் மேம்படுத்தும்போது பாதியில் தடுக்கினால் பெரும்பாலும் அதுவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நல்லபடியாக முடிந்து, இரண்டு நாள் கழித்துக் கணக்கு மென்பொருள் முரண்டு பிடித்தால்தான் சிக்கல். அப்போது பேக்கப்பிலிருந்து மொத்தத்தையும் மீட்க வேண்டும், அதுவும் வயதான அதே ஹார்ட் டிஸ்க்கில். நடுவில் கரன்ட் போவது வேறு. 2011 டிசம்பரில் ‘தானே’, 2024 நவம்பர் 30-இல் ‘ஃபெஞ்சல்’ என்று புயல் கண்ட கரை இது. யூபிஎஸ் பேட்டரியை நம்பி மணிக்கணக்கில் ஓடும் வேலையை நான் தொடங்க மாட்டேன். எந்த வழியானாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டவே வேண்டாம்.

புதுப் பெட்டி வழியில் பழையது தொடாமல் நிற்கிறது. பழையதை நெட்வொர்க்கிலிருந்து கழற்றிவிட்டு, புதியதற்கு அதே பெயரும் அதே ஐபி முகவரியும் (நெட்வொர்க்கில் அதைக் கண்டுபிடிக்கும் எண்) கொடுத்தால் கவுன்டர் கம்ப்யூட்டர்களில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. சரியாக வரவில்லையா? கேபிளை மாற்றிச் செருகினால் போதும்.

இந்த வழியில் உழைப்பு கூடுதல் என்பதை மறைக்கக் கூடாது. விண்டோஸோடு வரும் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பி, அதற்கான விருப்பத்தைக் கொடுத்தால், கோப்புகளோடு அவற்றை யார் திறக்கலாம் என்ற அனுமதிகளையும் கொண்டுவரும். ஆனால் அவை பழைய பெட்டியின் உள்ளூர்ப் பயனர்களுக்குத் தந்த அனுமதிகளாக இருந்தால், புதியதில் பெயருக்குப் பதில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண்தான் தெரியும். அதே பெயரில் பயனரை உருவாக்கினாலும் அது வேறு ஆள். ஃபோல்டர் ஃபோல்டராக உட்கார்ந்து திரும்பக் கொடுக்க வேண்டும். டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வரின் டேட்டாபேஸ் பேக்கப்பை மீட்டாலும், அதில் நுழையும் லாகின்கள் கூடவே வராது. கணக்கு மென்பொருளான டாலியின் உரிமத்தைப் பழையதில் சரண்டர் செய்துவிட்டுத்தான் புதியதில் இயக்க முடியும்; பின்வாங்கினால் இதையும் திருப்பிச் செய்ய வேண்டும்.

திரும்பும் வழி என்றைக்கும் திறந்திருக்காது என்பதும் முக்கியம். பழைய எஸ்க்யூஎல் பதிப்பின் பேக்கப்பைப் புதியதில் மீட்கலாம். புதியதில் எடுத்ததைப் பழையதில் மீட்க முடியாது. அதனால் புதுப் பெட்டியில் ஒரு நாள் பில் போட்டபின் பின்வாங்கினால் அந்த நாள் பில்லை எல்லாம் கையால் மறுபடி ஏற்ற வேண்டும். முதல் நாள் மதியத்துக்குள் முடிவெடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்பவர்களுக்கு 11, 20 தேதிகள் நெருக்கடி. 20 கடந்து வரும் முதல் சனிக்கிழமை இரவு தோதானது.

சர்வரே டொமைன் கன்ட்ரோலராகவும் (அலுவலகக் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றின் பயனர்களையும் ஒரே இடத்தில் நிர்வகிப்பது) இருந்தால் யோசிக்கவே வேண்டாம், புதியதுதான். ஆனால் அங்கே மேலே சொன்ன கேபிள் வித்தை செல்லாது. புதியதை இன்னொரு கன்ட்ரோலராகச் சேர்த்து, பொறுப்புகளை மாற்றிய பிறகே பழையதை இறக்க வேண்டும். எங்களிடம் டொமைன் கிடையாது. ஆகவே இதை ஓரளவு அறிந்தவரை வைத்துச் செய்யுங்கள். பல கிளைகளும், ஒரே பெட்டியில் பலவாக ஓடும் மெய்நிகர் சர்வர்களும் உள்ள இடத்துக்கு என் கணக்கு பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

பழைய பெட்டியை ஒரு ஜிஎஸ்டி சுற்று முழுதாக முடியும்வரை இணையத்தில் சேர்க்காமல் ஓரமாக வையுங்கள். அதன்பிறகு டிஸ்க்கைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, மீதியைக் காயலான் கடைக்குக் கொடுக்கலாம்.